பதினெட்டு நாள் தீனி

ஜான்சனுக்கு இன்சுலின் எழுதிக் கொடுத்து ஐந்து வாரம் ஆகிவிட்டது. இன்னும் ஒரு சொட்டுகூட உடம்பில் ஏறவில்லை. வலை இழுக்கும்போது இடது கால் கட்டைவிரலில் பட்ட காயம் ஆறவும் இல்லை, பெரிதாகவும் இல்லை. ஈரமாக அப்படியே உட்கார்ந்திருந்தது.

"மாத்திரை இனிமே போதாது. உங்க கணையம் களைச்சுப் போச்சு. ஊசிதான். தள்ளிப் போட்டா இது அந்த விரலோட நிக்காது" என்று டாக்டர் அவன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். அவர் முன்னால் தலையை ஆட்டினான். பட்டினப்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தலையாட்டல் முடிந்துபோயிற்று.

"செபஸ்தியான் அண்ணனுக்கு ஊசி போட்டாங்க. ஆறாம் மாசம் முட்டிக்குக் கீழ எடுத்தாங்க. அடுத்த கிறிஸ்மஸுக்கு ஆளே இல்ல. கண்ணால பாத்தவன் நான். எனக்கு வாணாம், வுடு" என்றான்.

அது ஊருக்குச் சொல்லும் காரணம். வீட்டுக்குள்ளே இன்னொரு காரணம் இருந்தது. அதைக் கொண்டுவந்து வைத்தவள் அவன் மனைவி ஜாஸ்மினேதான்.

"உன் எலிங்களுக்குக் குடுத்த மருந்து வரட்டும்மே. அத்த முழுங்கிட்டுப் போறேன். ஊசி எதுக்கு?"

எலிகளுக்குச் சரியாகிறது என்று டிசம்பர் கடைசியில் ஓடி வந்து சொன்னது அவள் வாய்தானே.

ஜாஸ்மின் அடையாற்றில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் விலங்குப் பிரிவில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். கூண்டில் உமி மாற்றுவாள், தீனி வைப்பாள், தண்ணீர் பாட்டில் நிரப்புவாள், மறுநாள் மிச்சத் தீனியை எடை போட்டு ரிஜிஸ்டரில் எழுதுவாள். கான்ட்ராக்ட் வேலைதான். ஆனால் அங்கே ஆராய்ச்சி செய்ய வருகிற பிள்ளைகள் யாராக இருந்தாலும் முதல் வாரத்திலேயே கண்டுகொள்வார்கள், எலியைப் பற்றி ஒன்று தெரிய வேண்டுமென்றால் ஜாஸ்மின் அக்காவைத்தான் கேட்க வேண்டும் என்று.

அப்படி வந்தவள்தான் சாய்மா. தேனாம்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கும் அப்துல் கய்யூமின் மகள். ஐந்து வருடமாக ஒரே ஆராய்ச்சி. கேட்கப் பெரிதாக இருக்கும், பயப்பட வேண்டாம். விஷயம் இவ்வளவுதான். நம் வயிற்றுக்குள்ளே கணையம் என்று ஒன்று இருக்கிறது. அதில் சின்னச் சின்னத் தீவுகள் மாதிரி செல் கூட்டங்கள். இன்சுலினைச் சுரப்பவை அந்தத் தீவுகளில்தான் இருக்கின்றன. உடம்பில் கொழுப்பும் சர்க்கரையும் ஏறிக்கொண்டே போனால் அந்தச் செல்கள் ஓடியோடி உழைக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். அவை செத்துத்தான் போகின்றனவா, இல்லை, வேலையை மறந்துவிட்டுச் சும்மா கிடக்கின்றனவா? இதுதான் சாய்மாவின் கேள்வி. உயிரோடு இருக்கும் மனுஷன் வயிற்றைத் திறந்து பார்க்க முடியாது. அதனால் எலி.

முப்பத்தாறு எலிகள். பன்னிரண்டு எப்போதும்போலச் சாப்பிட்டு வளர்ந்தன. மற்ற இருபத்து நாலுக்கும் மாதக்கணக்கில் கொழுப்புத் தீனி. பிறகு சின்ன அளவில் ஒரு ரசாயன ஊசி. இருபத்து நாலுக்கும் சர்க்கரை நோய் வந்தது. அதில் பன்னிரண்டுக்கு சாய்மாவின் மருந்தைக் குடிதண்ணீரில் கலந்து கொடுத்தார்கள். பன்னிரண்டுக்கு வெறும் தண்ணீர். கொழுப்புத் தீனி இரண்டு கூட்டத்துக்கும் கடைசிவரை நிற்கக் கூடாது. மருந்து ரேக், தண்ணீர் ரேக் என்று ஜாஸ்மின் அவற்றுக்குப் பேர் வைத்திருந்தாள்.

நோய் வந்த எலி தண்ணீரைக் குடித்துக் குடித்து மூத்திரம் போகும். மற்ற கூண்டுகளில் வாரம் இரண்டு முறை மாற்றுகிற உமியை இவற்றுக்குத் தினமும் மாற்ற வேண்டும். எந்தக் கூண்டில் சர்க்கரை ஏறியிருக்கிறது என்பதை சாய்மாவின் மெஷின் சொல்வதற்கு முன்பே ஜாஸ்மினின் கை உமியைத் தொட்டுச் சொல்லிவிடும்.

டிசம்பரில் புயல் வந்தது. இரண்டு நாள் கரண்ட் இல்லை. மூன்றாம் நாள் கோட்டூர்புரம் பாலம் வரை ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு வந்து, மிச்ச தூரம் முழங்கால் தண்ணீரில் நடந்து ஜாஸ்மின் வேலைக்கு வந்து சேர்ந்தாள். எலிகள் பிழைத்திருந்தன. கொழுப்புத் தீனியை ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனிப் பெட்டியில், தனித்தனி ஃப்ரிட்ஜில் வைப்பது வழக்கம். தண்ணீர் ரேக்கின் ஃப்ரிட்ஜ் ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. மருந்து ரேக்கின் ஃப்ரிட்ஜ், வராந்தாவில் இருந்த பழசு, நின்றுபோயிருந்தது.

பெட்டியைத் திறந்தாள். அவள் மூக்கைச் சுளித்த விதத்தைப் பார்த்து வாட்ச்மேன் அசோகன் எட்டி வந்து முகர்ந்தான்.

"ஒண்ணும் வாடை இல்லியேக்கா. வெண்ண மாரிதான கீது."

"உன் மூக்க வச்சிக்கினு இன்னா பண்ற நீ, கண்ணாடி மாட்டவா? காறிப் போச்சுடா. நாளைக்கு உனுக்கும் தெரியும்."

நொச்சிக்குப்பத்தில் மீன் விற்ற குடும்பத்தில் பிறந்தவள் அவள். ஐஸில் வைத்த மீன் எந்த மணியில் கெட ஆரம்பித்தது என்பதைச் செவுளைத் தூக்கிப் பார்க்காமலே சொல்லுவாள். கெட்டதை எந்த வாய்க்கும் அவள் கை போடாது. அது எலி வாயாக இருந்தாலும்தான். பெட்டியோடு தூக்கிக் கொட்டினாள்.

அடுத்த ஃப்ரிட்ஜில் இருந்ததைப் பங்கு போட்டிருக்கலாம். ஆனால் 'ஒரு கூட்டத்தின் தீனியை மற்றொரு கூட்டத்துக்குத் தொடாதே' என்று கதவில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. பதினோரு வருடத்தில் அவள் அதை மீறியதில்லை. அதனால் மருந்து ரேக்கின் பன்னிரண்டு எலிகளுக்கும் மூட்டையில் இருந்த சாதாத் தீனியை வைத்தாள். இரண்டு நாளில் புதுசு வந்துவிடும் என்றுதான் நினைத்தாள். ரோடெல்லாம் தண்ணீர், வெளியூரிலிருந்து தீனி வந்து சேரப் பதினெட்டு நாள் ஆயிற்று.

அந்த நாட்களில் சாய்மா டெங்குக் காய்ச்சலில் கிடந்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் போன் பண்ணுவாள். குரலே எழும்பாது.

"தீனியெல்லாம் ஒழுங்கா எடுக்குதுங்களாக்கா?"

"நல்லா துன்னுதுங்க பாப்பா. நீ கஞ்சி குடிச்சிட்டுப் படு."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மீன்காரக் குடும்பத்தில் ஒரு பழக்கம் உண்டு. கூடையில் ஒன்று கெட்டுப்போனால் சத்தமில்லாமல் எடுத்து எறிந்துவிட வேண்டும். நாலு பேர் காதில் விழும்படி 'கெட்டுப் போச்சு' என்று ஒரு வார்த்தை சொன்னால் கூடையில் இருக்கும் நல்ல மீனும் விலை போகாது. கெட்டதை எறிவது நேர்மை, அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது தொழில். ஜாஸ்மின் இரண்டையும் செய்தாள். ரிஜிஸ்டரில் 'கொழுப்புத் தீனி' என்று அச்சடித்த கட்டத்தில், சாப்பிட்ட சாதாத் தீனியின் எடையை எழுதிக்கொண்டே வந்தாள்.

பத்தாம் நாள் வாக்கில் மருந்து ரேக்கின் உமி காய ஆரம்பித்தது. கையை விட்டுப் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். காய்ச்சல் தேறி வந்த சாய்மா மெஷினில் பார்த்தபோது சர்க்கரை இறங்கியிருந்தது. இரண்டு பேரும் கூண்டுகளுக்கு நடுவே கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்குத்தான் ஜாஸ்மின் வீட்டுக்கு ஓடிவந்து ஜான்சனிடம் சொன்னாள். புதுத் தீனி வந்து பழையபடி வைக்க ஆரம்பித்ததும் உமி மறுபடி கொஞ்சம் நனைந்தது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மனசு ஒன்றைப் பிடித்துக்கொண்டுவிட்டால் கை சொல்வதை எங்கே கேட்கிறது?

பிப்ரவரியில் அந்த முப்பத்தாறு எலிகளும் இல்லை. கணையத்தை எடுத்துப் பார்க்க வேண்டுமே. மயக்க வாயு கொடுத்துத்தான் கொல்வார்கள், வலிக்காது. கூண்டுகளைக் கொண்டு போய்க் கொடுப்பது ஜாஸ்மினின் வேலை. அன்றைக்கு அவள் சாப்பிடுவதில்லை.

அதற்கப்புறம் ஒரு மத்தியானம் சாய்மா அவளை மைக்ராஸ்கோப் முன்னால் கூட்டிப்போய் உட்காரவைத்தாள்.

"பாருங்கக்கா. இது தண்ணி ரேக் எலி."

ஜாஸ்மின் கண்ணை வைத்தாள். வெளிறிய ரோஸ் நிறப் பரப்பு. நடுவில் ஒரு தீவு, ஓரமெல்லாம் கலைந்து. பழுப்பு நிறம் அங்கே ஒன்றும் இங்கே ஒன்றுமாக.

"அந்தப் பழுப்புதான் இன்சுலின். பாதிக்கு மேல போயிடுச்சு. இப்ப இது மருந்து ரேக்."

கண்ணாடித் துண்டை மாற்றினாள். அதே மாதிரி தீவு. ஆனால் கரை முட்ட பழுப்பு.

"செத்திருந்தா இத்தனை சீக்கிரம் திரும்ப வந்திருக்காதுக்கா. சும்மா கிடந்திருக்கு. சுமை குறைஞ்சதும் எழுந்து வந்திருக்கு."

"சுமைன்னா இன்னா பாப்பா?"

"அந்தக் கொழுப்புத் தீனி செல் மேல ஏத்துற பாரம்தான். தீனியை ஒருநாள்கூட நிறுத்தாம, மருந்து மட்டும் குடுத்தே செல்லைத் திருப்பிக் கொண்டு வந்திருக்கோம். பெரிய விஷயமே அதுதான்."

ஜாஸ்மின் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் சாய்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்த நாள் சாய்மாவின் வழிகாட்டி ஜெயஸ்ரீ மேடம், மயிலாப்பூர்க்காரர், ஒரு பெட்டி மைசூர்பாகோடு வந்தார். "சர்க்கரை வியாதி லேபுல மைசூர்பாகா மேடம்?" என்று யாரோ கேட்க, "நன்னா இருக்கே, எலிக்குத்தான் வியாதி, நமக்கென்ன" என்று அவரே சிரித்தார். கட்டுரையை வாரக் கடைசியில் அனுப்புவதாகப் பேச்சு. ஜாஸ்மின் தன் பங்கு மைசூர்பாகைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். சொல்லிவிடலாமா என்று இரண்டு முறை வாயெடுத்தாள். சாய்மாவின் ஐந்து வருடம் அந்த அறையில் சிரித்துக்கொண்டு நின்றது. சொல்லாமலே வீட்டுக்குக் கிளம்பினாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், ஜான்சன் காலை முக்காலியில் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தான். கட்டைவிரல் நகத்தைச் சுற்றி கறுத்திருந்தது.

"எப்போலேர்ந்துய்யா இது?"

"காத்தால பாத்தேன். ஷூ கடிச்சிருக்கும்."

"நீ என்னிக்கு ஷூ போட்ட?"

"உன் மருந்து எப்போ வருமாம்?" என்று கேட்டான். கிண்டல் இல்லை. நம்பித்தான் கேட்டான். அந்தக் கேள்வியில்தான் ஜாஸ்மினுக்கு அது உறைத்தது. சாய்மாவின் ஆராய்ச்சி ஒரு பக்கம் இருக்கட்டும். தான் தூக்கி எறிந்த ஒரு பெட்டித் தீனியை நம்பி இந்த மனுஷன் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

மறுநாள் காலையில் சாய்மா பையைக் கழற்றி வைப்பதற்குள் போய் நின்றாள்.

"பாப்பா, அந்தத் தீனிய நான் நிறுத்தனேன்."

"எந்தத் தீனி?"

"கொழுப்புத் தீனி. புயலப்போ ஃப்ரிட்ஜு நின்னு கெட்டுப் போச்சு. கொட்டிட்டேன். பதினெட்டு நாள் சாதாத் தீனிதான் வச்சேன்."

சாய்மா பையை மேஜையில் வைத்தாள். "எந்த ரேக்?" என்றாள்.

"மருந்து ரேக்கு."

"அது மட்டுமா?"

"அது மட்டும்தான்."

சாய்மா நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"ஏன்க்கா சொல்லலை? ஒருநாள் விட்டு ஒருநாள் போன் பண்ணினேனே."

"கெட்ட மீனத் தூக்கிப் போட்டா அத்தக் கூவிக்கினு போவ மாட்டோம் பாப்பா. எனக்கு அது பெருசாவே தோணல. நீ சுமை சுமைன்னு சொன்னப்பதான் பொறி தட்டிச்சு." நிறுத்தி, தயங்கி, கேட்டாள்: "அப்போ அந்த மருந்து வேல செய்யலியா?"

"செய்யுதுன்னும் சொல்ல முடியாது, செய்யலைன்னும் சொல்ல முடியாது. செல் திரும்பி வந்தது மருந்தாலயா, நீங்க வச்ச தீனியாலயா, ரெண்டாலயுமா? எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. தெரியாதுன்னுதான் எழுத முடியும்."

அழுவாள் என்று ஜாஸ்மின் நினைத்தாள். திட்டினாலும் தேவலை என்றிருந்தது. சாய்மா எழுந்து போய் ரிஜிஸ்டரை எடுத்து வந்து, டிசம்பர் பக்கத்தைத் திறந்து வைத்தாள்.

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் எழுதியதை அழிக்கக் கூடாது. வெள்ளை மை தடவக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. தப்பின் மேல் ஒரே ஒரு கோடு. கீழே இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, இன்றைய தேதி போட்டு, எழுதியவரே கையெழுத்திட வேண்டும். ஜாஸ்மின் பேனாவை வாங்கினாள். 'கொழுப்புத் தீனி' மேல் ஒரு கோடு. 'சாதாத் தீனி' என்று பக்கத்தில். தேதி. கையெழுத்து. இப்படிப் பதினெட்டு வரி. ஏழாவது வரிக்கு மேல் எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. சாய்மா பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு வரிக்கும் தன் கையெழுத்தையும் போட்டாள். அவசரப்படுத்தவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை.

ஜெயஸ்ரீ மேடம் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ஏம்மா, அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதோ? ஒரு வார்த்தை." கட்டுரை போகவில்லை. இரண்டு ரேக்கும் முதலிலிருந்து செய்ய வேண்டும். அதற்கு விலங்குச் சோதனைகளைக் கவனிக்கிற கமிட்டியின் அனுமதி, ஒரு வருடம். இன்னும் இருபத்து நாலு எலிகள். சாய்மா அந்த எண்ணைச் சொன்ன அன்று மத்தியானமும் ஜாஸ்மின் சாப்பிடவில்லை. கமிட்டி கூடி முடிவு செய்யும்வரை அவளுக்கு எலி அறைக்குள் வேலை இல்லை, பின்கட்டில் கூண்டு கழுவ வேண்டும் என்றார்கள். சரி என்றாள்.

புறப்படும்போது சாய்மா கேட் வரைக்கும் வந்தாள்.

"எம்மேல கோவமா பாப்பா?"

"இருக்குக்கா. நிறைய இருக்கு." சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ரெண்டு நாள் என்கிட்டப் பேசாதீங்க. அப்புறம் வாங்க."

வீட்டில் ஜான்சன் வேப்பிலை போட்ட வெந்நீரில் காலை வைத்திருந்தான். ஜாஸ்மின் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"யோவ். அந்த மருந்து வராது."

"யாரு சொன்னது?"

"நான்தான் சொல்றேன். வரும்னு சொன்னவளும் நான்தான?" நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அவன் கேட்டு முடித்துவிட்டு, "எலிக்குக் கெட்டுப் போனதப் போட மாட்ட. எனக்கு மட்டும் மூணாம் நாள் கொழம்ப சுட வச்சி ஊத்துவ" என்றான். அவள் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பும் பாதியில் நின்றது.

"அண்ணன் காலு ஊசியால போவலய்யா. காலு கறுத்த அப்பறம்தான் ஊசிக்கே போனாரு. அண்ணி இதே கூடத்துல உக்காந்து சொல்லி அழுதுச்சி. நீயும் கேட்டுக்கினுதான் இருந்த."

ஜான்சன் தண்ணீரில் இருந்த தன் காலையே பார்த்தான்.

"தெரியும்மே" என்றான் கடைசியில். "எல்லாம் தெரியும். பயமா கீது. ஊசின்னு ஒண்ணு ஆரம்பிச்சா அப்பறம் அண்ணன் போன ரோட்லதான் நானும் போறேன்னு ஆயிடும் இல்ல?"

"ஊசி போடாம கெடந்தாதான் அந்த ரோடு."

"உன் எலிங்க மாரி எனக்கும் உள்ள திரும்பி வருமா அது?"

'வரும்' என்று சொல்லிவிடலாம். ஒரே சொல், அவன் முகம் தெளிந்துவிடும். ஜாஸ்மின் அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"தெர்ல. பொய் சொல்ல மாட்டேன். உள்ள செத்துப் போச்சோ, சும்மா கெடக்குதோ, உன்னத் தொறந்தா பாக்க முடியும்? ஊசி போட்டா அதுக்கு வேல கொறையும். காயம் ஆறும்னு டாக்டரு சொல்றாரு. அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

அவன் காலை எடுத்தான். அவள் துண்டால் விரல் இடுக்கு விரல் இடுக்காக ஒற்றித் துடைத்தாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, டாக்டர் எழுதிக் கொடுத்த அன்றைக்கு நர்ஸ் செய்து காட்டியபடி ஜாஸ்மின் மருந்தை ஏற்றினாள், விரலால் சுண்டிக் காற்றை வெளியேற்றினாள். ஜான்சன் பனியனைத் தூக்கி மார்பில் இடுக்கிக்கொண்டான். கடலில் முப்பது வருடம் போய்வந்த ஆள், ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தான். அவள் தொப்புளுக்கு நாலு விரல் தள்ளிச் சதையைக் கிள்ளிப் பிடித்தாள்.

"எப்போ குத்தப் போற?"

"குத்தியாச்சு. ஆடாத. பத்து எண்ணிட்டுத்தான் எடுக்கணும்."

இருவரும் சேர்ந்து எண்ணினார்கள். ஆறோடு அவன் நிறுத்திக்கொண்டான். அவள் நிறுத்தாமல் பத்து வரைக்கும் கொண்டுபோய், ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்தாள்.

"நாளைக்குமா?"

"நாளைக்கும்தான்."

அவன் பனியனை இறக்கிவிட்டுக்கொண்டான். கம்பியிலிருந்து கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"சரி. துன்றதுக்கு இன்னா கீது?"